அடிபடாமல் கன்றும் கால்விரல்

"எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, ஆயினும் விரல் அடிக்கடி வீங்கிக் கன்றிப்போகிறது" என்போரிடம் நாங்கள் முதலில் கேட்பது சர்க்கரை நோய் உண்டா என்பதையே. நெடுநாள் சர்க்கரை நோயில் பாதம் உணர்விழப்பதுண்டு. காலணி நசுக்கியதோ, சிறு எலும்பு முறிந்ததோகூடத் தெரியாமற் போகும். வலியில்லை என்பது அங்கே ஆறுதலன்று.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் உட்கொள்வோருக்குச் சிறு அழுத்தமே கன்றலை உண்டாக்கலாம். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது.

பெருவிரலின் அடிமூட்டு நள்ளிரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க இயலாமல் வலித்து, சில நாட்களில் தணிந்து மீண்டும் வருமாயின் கவுட் நோயை ஐயுறுவோம். வலி மிகுந்த வேளையில் யூரிக் அமிலம் இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும். ஆதலால் பின்னரும் ஒருமுறை சோதிப்போம்.

நாங்கள் அஞ்சுவது நீலம் பாரித்த விரலுக்கே. மேலுள்ள தமனிச் சுவரில் படிந்த கொழுப்பின் துணுக்குகள் உடைந்து வந்து, விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கலாம். பாதத்தில் நாடி நன்கு துடிக்கும்போதும் இது நேரும். விரல் நீலமாகவோ கருமையாகவோ மாறினால், சில்லிட்டால், புண்ணோ காய்ச்சலோ கண்டால் அன்றே வாருங்கள்.

மற்றபடி, நீங்கள் எங்களிடம் வரும் நாளில் வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்கும். வீங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அணிந்த காலணியையும் கொண்டு வாருங்கள்.