வெற்றிலைச் சாறும் கைப்பேசித் திரையும்



நம் சோழவந்தான் வெற்றிலை நாலைந்தை இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சை நிறச் சாறு கிடைக்கும். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அதன்மேல் காட்டினால், சாறு சிவப்பாக ஒளிரும்! சிஸ்டர் இதை ஆய்வகத்தில் செய்து காட்டியபோது நாங்கள் வாயடைத்துப் போனோம். பச்சையம் தான் விழுங்கிய ஒளியில் சிறு பகுதியைச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. அப்படியானால், கரிமப் பொருளுக்கு ஒளிக்குப் பதிலாக மின்சாரத்தை ஊட்டினால் ஒளி வருமா? வரும். அதுவே இன்று பல கைப்பேசித் திரைகளில் உள்ள ஓ.எல்.ஈ.டி., அதாவது கரிம ஒளி உமிழ் டையோடு.

"ஆர்கானிக்" என்றதும் என் தாத்தா, "உரம் போடாமல் விளைந்ததா அம்மா?" என்று கேட்டார். வேதியியலில் அச்சொல் கார்பன் சேர்மங்களைக் குறிக்கும்.

1963-இல் அமெரிக்காவில் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்திரசீன் படிகத்தை மின்சாரத்தால் ஒளிரச் செய்தனர். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. வழி திறந்தவர் ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங். கோடாக் நிறுவனத்தில் சூரிய மின்கலங்களை ஆராய்ந்து வந்த இவர், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்பவருடன் சேர்ந்து 1987-இல் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பச்சை ஒளியைப் பெற்றார். மின்சாரமும் கடத்தி ஒளியையும் விடும் பூச்சுள்ள கண்ணாடியின்மேல் இரண்டு மெல்லிய கரிமப் படலங்கள். அவற்றின்மேல் மெக்னீசியமும் வெள்ளியும் கலந்த பூச்சு. ஒரு படலம் எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களாகிய 'துளை'களைக் கொண்டுவரும்; மற்றது எலக்ட்ரான்களைக் கொண்டுவரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒளி பிறக்கும். ஒளிர்ந்த பொருளின் நடுவில் ஓர் அலுமினிய அணு, அதைப் பற்றி நிற்கும் மூன்று கரிம மூலக்கூறுகள். நம் பச்சையத்தின் நடுவிலும் ஓர் உலோகம், மெக்னீசியம், இருப்பதை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அவ்வகைப் பொருளில் நான்கு சந்திப்புகளில் ஒன்றுதான் ஒளியாகும். மற்ற மூன்றின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். 1998-இல் பிளாட்டினம் அணுவுள்ள சேர்மத்தையும், அடுத்த ஆண்டு இரிடியம் சேர்மத்தையும் பயன்படுத்தி, அந்த மூன்றையும் ஒளியாக்க முடியும் என்று அமெரிக்காவில் ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழுவினர் காட்டினர். கனமான அணுவின் துணை அவ்வளவு பெரிது.

சிவப்பும் பச்சையும் இவ்வழியில் தேறின. நீலம்தான் எல்லோரையும் படுத்துகிறது. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். அது கரிம மூலக்கூறின் பிணைப்பை முறிக்கும் அளவை நெருங்கிவிடுகிறது. ஆகவே தான் தரும் ஒளிக்கே மூலக்கூறு பலியாகிறது. நீலம் சோர்ந்தால் வெண்மை மஞ்சளித்துத் தோன்றும். நல்ல கைப்பேசியும் குப்பைக்குப் போகும். இதைத் தள்ளிப்போட, பல திரைகளில் நீலப் புள்ளிகளைப் பெரிதாக அமைக்கிறார்கள்; பரப்பு கூடினால் ஒவ்வோர் இடத்திலும் பாயும் மின்னோட்டம் குறையும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் நோய் தீரவில்லை என்பேன்.

இன்னொரு பகை ஈரம். வெற்றிலைக் கட்டுக்கு ஈரச் சாக்கு வேண்டும். இதற்கோ ஈரம் பட்டால் கரும்புள்ளி விழும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையாதபடி மூடவேண்டுமாம்.

நம் மாநிலத்திலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் இத்தகைய திரைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. மத்திய மின்னணுத் துறையும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் அதற்கு உதவுகின்றன. இதைப் படித்ததும், நீலத்துக்கு ஏற்ற மூலக்கூறு எது என்று சிஸ்டரிடம் கேட்டேன். "முதலில் பென்சீன் வளையத்தை ஒழுங்காக வரை" என்றார். இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.