ஊசி வழியே வரும் நோயும் ஒரே கூரையின் கீழ் வைத்தியமும்

மாணவிகளே, உயர்தர உயிரியலில் இதயத்தின் படத்தை வரையும்போது முக்கூர் வால்வை இரண்டு கோடுகளால் காட்டிப் பெயரிட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவீர்கள். இம்முறை அந்த வால்வில் சற்று நில்லுங்கள்.

கையின் நாளத்தில் ஊசியால் ஏற்றப்படுவது மேற்பெருநாளம் வழியாக வலது சோணைக்கு வந்து, முதலில் கடக்கும் வால்வு அதுதான். ஹெரோயினை ஊசியால் ஏற்றுபவரின் தோலிலுள்ள ஸ்ரபைலோகொக்கஸ் பற்றீரியா உள்ளே போய் அந்த வால்வில் பற்றிக்கொள்ளக்கூடும். அங்கே வளர்ந்து, துண்டுதுண்டாக உடைந்து, சுவாசப்பைக்குப் போகும். காய்ச்சல், இருமல், நெஞ்சுநோ என்று வரும். வீட்டார் நியுமோனியா என்று நினைப்பார்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபற்றைற்றிஸ் சி-யும் தொற்றலாம். ஊசியால் போதை ஏற்றிய இளைஞர்கள் கிருமித்தொற்றால் இறந்ததாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். யாழ்ப்பாணம் பூவரசங்குளத்திலிருந்து பஸ்ஸில் ஒரு காலைப்பொழுதுத் தூரம்தான்.

வால்வுத் தொற்றுக்கு மருந்து உண்டு. ஆனால் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை, நாளத்தின் வழியே ஏற்ற வேண்டும். ஹெரோயின் நின்ற அரை நாளுக்குள் உடல் கேட்கத் தொடங்கிவிடும். கண்ணும் மூக்கும் வடியும், தசை முறுக்கும், வயிற்றோட்டம் வரும், தூக்கம் போய்விடும். இரண்டாம் மூன்றாம் நாள்களில் அது உச்சத்துக்கு வரும். ஆறு வார வைத்தியம் இந்த மூன்று நாளைத் தாண்டுமா என்பதில்தான் பலரின் உயிர் தங்கியிருக்கிறது.

பெற்றோர் கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "ரீச்சர், உயிரைக் காப்பாத்தத்தானே வச்சிருந்தவை, அவன் ஏன் நாலாம் நாளே ஓடி வந்தவன்?" மகனுக்கு இருந்தவை இரண்டு நோய்கள் என்றும், மருந்து கிடைத்தது ஒன்றுக்குத்தான் என்றும் சொன்னேன். வார்ட்டில் அவனைக் 'குடுக்காரன்' என்று கூப்பிட்டார்களாம். மருந்தை விட அந்தச் சொல்தான் அவனுக்கு முதலில் ஏறியிருக்கும்.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சி இந்தியாவில் நடந்தது. 1986இல் அந்நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த வைத்தியர் சுனிதி சாலமன், 1993இல் வை.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையமும் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து பல நகரங்களில் ஒருங்கிணைந்த பராமரிப்பு நிலையங்களை நடத்தின. ஊசியால் போதை ஏற்றுபவர்களுக்கான நிலையங்களில் நாக்கின் கீழ் வைக்கும் புப்ரெனோபின் மாத்திரை, எச்.ஐ.வி. பரிசோதனை, சுத்தமான ஊசி, ஆலோசனை எல்லாம் ஒரே வாசலில் கிடைத்தன. புப்ரெனோபின் உடலின் தவிப்பைத் தணிக்கும். அது தணிந்தால் மற்ற வைத்தியத்துக்கு ஆள் நிற்பார். 22 நகரங்களை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. நகரம் முழுவதையும் கணக்கிட்டால், பரிசோதனை செய்துகொண்டோர் தொகையில் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு தெரியவில்லை. நிலையத்துக்கு வந்தவர்களிடையே பரிசோதனை கூடியிருந்தது. வாசலைத் திறப்பதைவிட ஆளை அதுவரை வரவைப்பதுதான் கடினம் என்று நான் இதை வாசிக்கிறேன்.

சுத்தமான ஊசி கொடுத்தால் போதை பெருகாதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, எச்.ஐ.வி. குறைவதற்குச் சான்று உண்டு, போதைப் பாவனை கூடுவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. ஹெபற்றைற்றிஸ் சி-யை இப்போது பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரைகளால் முற்றாகக் குணமாக்கலாம்.

வீட்டில் இப்படியொரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் காய்ச்சலை மட்டும் சொல்லாதீர்கள், ஊசியையும் சொல்லுங்கள். பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு கூட்டிப் போகாதீர்கள். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, முதல் மாத்திரைக்கு முன்னர் நடந்தால்தான் எந்தக் கிருமி என்பது தெளிவாகத் தெரியும்.