விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது

பாறசாலைக்கு அடுத்தது களியக்காவிளை. பாறசாலை கேரளத்தில் இருக்கிறது. களியக்காவிளை தமிழ்நாட்டில் இருக்கிறது. 1956-இல் மாநில எல்லை பிரிந்தது. விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆனால் சொந்தபந்தம் பிரியவில்லை. அங்கே இருப்பவர் இங்கே வீடு வாங்குகிறார். இங்கே இருப்பவர் அங்கே போய்க் குடியேறுகிறார்.

வீடு விற்பது வாழ்நாளில் ஒருமுறை நடப்பது. அதில் ஏமாந்தால் எழுந்திருப்பது கஷ்டம். எப்படிப் பேச வேண்டும்? ஓர் உதாரணம் பார்ப்போம்.

15 லட்சமா, 12 லட்சமா?

பாறசாலை அருகே ஒரு அக்காவுக்கு 5 சென்ட் நிலமும் ஒரு வீடும் இருக்கின்றன. ஆதாரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போக நினைக்கிறார். 15 லட்சம் கேட்கிறார். கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு தம்பி 12 லட்சம் தருகிறேன் என்கிறார். இருவரும் பிடித்த பிடியில் நிற்கிறார்கள்.

“ஏன் தம்பி இப்படிக் குறைக்கிறாய்?” என்று அக்கா கேட்டார்.

“பதிவுச் செலவும் என் தலையில்தானே அக்கா” என்றார் தம்பி.

அதுவும் உண்மைதான். கேரளத்தில் முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு 8 ரூபாய். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய்.

“உங்களுக்கு என்ன அவசரம் அக்கா?” என்று தம்பி கேட்டார்.

அக்கா மனம் விட்டுச் சொன்னார். வங்கியில் 2 லட்சம் கடன் இருக்கிறது. வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். அதாவது மாதம் 2,000 ரூபாய் போகிறது. மகள் வீட்டில் அறை கட்டி முடிய மே மாதம் ஆகும். அதுவரை இங்கேதான் இருக்க வேண்டும்.

தம்பிக்கோ வீட்டுக் கடன் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளோடு குடிவந்தால் போதும்.

பார்த்தீர்களா? இருவருக்கும் தேவை கால அவகாசம். விலையை மட்டும் பேசியபோது இது வெளியே வரவில்லை.

விலை முடிந்தது எப்படி?

பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையை விசாரித்தார்கள். 14 லட்சம் சரி என்று தெரிந்தது. மழையில் கூரை ஒழுகும் என்று அக்காவே சொன்னார். மறைவான குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டம். கூரையைச் சரிசெய்ய 50,000 ஆகும். அதைக் கழித்தார்கள். விலை 13 லட்சத்து 50 ஆயிரம்.

பதிவுக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் ஆகும். அதையும் கூட்டிப் பார்த்துத்தான் தம்பி சம்மதித்தார்.

அச்சாரம் 2 லட்சம். இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போய் அதைக் கடன் கணக்கிலேயே கட்டினார்கள். வங்கி அசல் ஆதாரத்தைத் திருப்பித் தந்தது. அக்காவுக்கு வட்டி நின்றது. தம்பிக்குப் பயம் நீங்கியது. அதுவரை காய்க்கும் தேங்காயும் பலாப்பழமும் அக்காவுக்கே என்றும் பேசிக்கொண்டார்கள். இவை எல்லாவற்றையும் கராரில் எழுதினார்கள்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

1. அசல் ஆதாரம், முன் ஆதாரம். நகலை மட்டும் நம்பக் கூடாது. ஆதாரத்தை வங்கியில் ஈடு வைத்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியாமலும் போகலாம்.
2. வில்லங்கச் சான்று. மலையாளத்தில் பாத்யதா சர்ட்டிபிகேட் என்பார்கள். சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் கிடைக்கும்.
3. வில்லேஜ் ஆபீசில் கரம் கட்டிய ரசீது. வீட்டு வரி, கரண்ட் பில் கட்டிய ரசீதுகள்.
4. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும்.

இருவரும் நினைவில் கொள்ள வேண்டியவை

20,000 ரூபாயோ அதற்கு மேலோ அச்சாரமாக ரொக்கம் வாங்கக் கூடாது. வங்கி மூலமே கொடுக்க வேண்டும். 2015 முதல் இது சட்டம்.

கரார் எழுதினால் மட்டும் வீடு சொந்தமாகாது. ஆதாரம் பதிவாக வேண்டும். பிறகு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்து, கரத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

கட்டணம் மிச்சம் என்று விலையைக் குறைத்து எழுதாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால், எழுதாத பணத்துக்குச் சாட்சி இல்லை.

ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். தமிழ் மட்டும் படிப்பவர்கள், தெரிந்த ஒருவரை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எண்களை நீங்களே பார்க்கலாம். சர்வே நம்பர், நிலத்தின் அளவு, தொகை சரியா? 5 சென்ட் என்பது சுமார் 2 ஆர் 2 சதுர மீட்டர். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

1. அக்காவுக்கு என்ன நன்மை? தம்பிக்கு என்ன நன்மை?
2. வீடு 6 மாதம் விற்காமல் கிடந்தால் அக்கா கட்டும் வட்டி எவ்வளவு?
3. 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு?
4. உங்கள் வீட்டு ஆதாரத்தை எடுங்கள். சர்வே நம்பரைத் தேடிப் படியுங்கள்.