வாடிய சக்குலன்ட்: தண்ணீரா, புது மண்ணா, கத்தியா?

தொட்டியில் சக்குலன்ட் வாடினால் நம் கை முதலில் குவளையைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். தாகத்தில் வாடும் செடிக்கும் வேர் அழுகி வாடும் செடிக்கும் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். வேர் செத்துப்போனால், ஈர மண்ணில் நின்றாலும் இலைக்கு நீர் ஏறாது. அந்த நிலையில் ஊற்றும் தண்ணீர் அழுகலைத்தான் வளர்க்கும். அதனால் எந்த வைத்தியமானாலும் முதலில் தண்டையும் வேரையும் பாருங்கள். இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தண்டு கல் போல உறுதியாக இருக்கிறது, தொட்டி தூக்கினால் லேசாக இருக்கிறது, அடி இலைகள் காகிதம் போலக் காய்ந்திருக்கின்றன என்றால் அது தாகம். தண்ணீர் போதும். ஆனால் வெகுநாள் காய்ந்த மண், தொட்டி ஓரத்தை விட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றுவது அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். ஒரு தட்டில் நீர் நிரப்பித் தொட்டியை அரைமணி நேரம் அதில் வையுங்கள். மேல்மண் நனைந்ததும் எடுத்து முழுக்க வடியவிடுங்கள். சில நாளில் இலை மறுபடி தடித்துவிடும். தடிக்கவில்லை என்றால் கோளாறு வேரில் இருக்கிறது.

இலை மஞ்சளித்துக் கண்ணாடி போலத் தெரிகிறது, தொட்டாலே உதிர்கிறது, மண்ணில் குத்திய குச்சி ஈரத்தோடு வருகிறது என்றால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தே ஆகவேண்டும். இதற்குத்தான் பலரும் பயந்து நாளைக் கடத்துகிறார்கள். பயம் வேண்டாம். தண்ணீரை உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கும் செடி இது; மண்ணில்லாமல் பல நாள் கிடந்தாலும் தாங்கும். தாகமா அழுகலா என்று தீர்மானிக்க முடியாதபோதும் எடுத்துப் பார்ப்பதையே நான் சொல்வேன். நல்ல வேர் வெளுத்தோ இளம்பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகியது கறுத்து வழுவழுக்கும். இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். அதையெல்லாம் நறுக்கிவிட்டு, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, உலர்ந்த புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது. புது வேர் ஓடும்வரை உரமும் கிடையாது.

புது மண் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நர்சரியிலிருந்து வரும் சின்னத் தொட்டிகளில் பெரும்பாலும் கோகோபீட்தான் இருக்கும். எடை குறைவு, ஏற்றி அனுப்ப வசதி. வீட்டு பால்கனியில் அதுவே நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு பங்கு கரடான பொருள், ஒரு பங்கு செம்மண்ணும் மக்கிய உரமும் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரடு என்றால் பட்டாணியைவிடச் சிறிய செங்கல் துண்டு, பெர்லைட், அல்லது தூசி போகச் சலித்த பொடிஜல்லி. பொடிமணல் வேண்டாம், அது இடைவெளிகளை அடைத்துக் காற்றைத் தடுக்கும். தொட்டி அடியில் கூழாங்கல் அடுக்குவதாலும் பயனில்லை. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் கல்லுக்குள் இறங்கும், ஆக ஈரப்பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டைமேல் ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். தொட்டியில் மண்தொட்டிக்கே என் ஓட்டு: சுவர் வழியாகவும் காயும். பரிசாக வரும், அடியில் ஓட்டையில்லாத கண்ணாடிக் கிண்ணம் எந்தச் சக்குலன்டுக்கும் வீடல்ல.

தண்டின் அடி கறுத்துப் பிசுபிசுத்தால் புது மண்ணும் காப்பாற்றாது. கத்திதான். தாமதிக்காமல், அன்றே. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் மேலிருந்து தலையை வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் இன்னும் மேலே வெட்டுங்கள், ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்துவிட்டு. முகம் தோல் மூடிக் காயும்வரை நிழலில் வையுங்கள்: மெல்லிய தண்டுக்கு மூன்று நான்கு நாள், கற்றாழை போன்ற தடித்த தண்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் நாளாகும். மின்விசிறிக் காற்று படும் இடம் நல்லது. பிறகு உலர்ந்த கலவைமேல் உட்காரவைத்தால் சில வாரங்களில் வேர் விடும்.

வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டு இலைகள் தள்ளித்தள்ளி நிற்கும் செடிக்கும் இதே கத்திதான். நீண்ட தண்டு வெயிலில் வைத்தாலும் குட்டையாகாது. இங்கே அடிக்கட்டையை எறிய வேண்டாம், அதிலிருந்து பக்கத்தளிர் வரும். நிழலிலிருந்த செடியைக் காலை வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குங்கள். நேரே மொட்டைமாடியில் வைத்தால் இலை வெந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் எச்சிவேரியா மந்தமாக நிற்பது நோயல்ல. மெக்சிகோவின் மேட்டுநிலத்திலிருந்து வந்த செடி அது. இரவில்தான் இலைத்துளை திறந்து மூச்சு வாங்கும். இரவும் வெக்கையாக இருந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். நிழலும் காற்றும் கொடுத்து, தண்ணீரைக் குறைத்து, விட்டுவிடுங்கள்.

கத்தியை எடுக்குமுன் செடி எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். எச்சிவேரியாவும் ஜேட் செடியும் உதிர்ந்த ஒற்றை இலையிலிருந்துகூட முளைக்கும், அதனால் தலை போனாலும் இலைகளைப் பொறுக்கி வையுங்கள். சோற்றுக்கற்றாழையின் இலையை நட்டால் அழுகும். பக்கக்கன்றோ தண்டோடு கூடிய தலையோ வேண்டும். அடீனியத்தில் கிழங்கின் அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கிக் காயவைத்தால் மீதிக் கிழங்கு பிழைக்க வழியுண்டு. மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்டை இலைத்துண்டாக நட்டால் முளைக்கும், ஆனால் குட்டிகள் வெறும் பச்சையாக வரும். அந்தக் கரை வேண்டுமென்றால், மிஞ்சிய நல்ல கிழங்குத் துண்டோடு பிரித்து நட வேண்டும்.