வரைபடத்தை முன்னால் கொண்டுவா



தம்பி, பிரேசிலின் புருமாடின்யோ சுரங்கக் கழிவு அணை பற்றிய உன் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். மண்ணியல் பாடம் உனக்கு நான் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘கனமழையால் அணை உடைந்தது’ என்று எழுதியிருக்கிறாயே, அங்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2019 ஜனவரி 25, பகல் 12:28. அணை சரிவதைக் காமிராவில் உலகமே பார்த்தது. அதில் வெயில் அடிக்கிறது.

அந்தப் பருவத்து மழைக்கும் பங்கு உண்டு. விபத்தை ஆராய்ந்த நிபுணர் குழுவே சொல்கிறது. ஆனால் மழை கடைசியாக வந்து சேர்ந்த ஆள். 1976-இல் தொடங்கி, பழைய கழிவின் மேலேயே அடுத்த கரையை ஏற்றி ஏற்றி 86 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். தேங்கிய நீரைக் கரையை ஒட்டி வரவிட்டார்கள். அதனால் நொய்ந்த சகதி கரைப்பக்கமே படிந்தது. உள்ளே வடிகால் போதவில்லை. 2016-இல் கழிவு கொட்டுவதை நிறுத்தியும் நீர் ஒழுங்காக வடியவில்லை. இரும்புச்சத்து மிகுந்த அந்தக் கழிவு பார்வைக்குக் கெட்டி. விட்டால் ஒரேயடியாக விடும். பத்து விநாடிக்குள் முகப்பின் பெரும்பகுதி குழம்பாகிவிட்டது. மழை என்று நீ எழுதினால், முடிவெடுத்தவர்கள் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு நழுவிவிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோலார் தங்கவயல்காரர் ஒருவர் மேஸ்திரியாக இருந்தார். காலையில் மீட்டர் பக்கமே போகமாட்டார். நேராகக் கரையின் அடிவாரத்தில் போய்க் குந்தி, கசிவு நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிந்திருந்தால் பீடி பற்றவைப்பார். கலங்கியிருந்தால், மேனேஜரைக்கூடக் கேட்காமல் சகதி பம்பை நிறுத்தச் சொல்லிவிடுவார். அவர் மாதிரி ஆள் இப்போது எந்த அணையில் இருக்கிறார்? உன் கட்டுரையிலும் நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டர் இருக்கிறது, ராடார் இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்த மனிதர் ஒருவர்கூட இல்லை.

சரி, புருமாடின்யோவில் அவர் டம்ளரும் ஒன்றும் சொல்லியிருக்காது. எந்தக் கருவியிலும் முன்னறிகுறி தெரியவில்லை என்கிறது அந்த நிபுணர் குழுவின் அறிக்கை. 2018-இல் அந்த அணைக்கு நிலைத்தன்மைச் சான்றிதழே கொடுத்தார்கள். கணக்கில் வந்த பாதுகாப்பு எண்ணோ சரியும் விளிம்பை ஒட்டிய 1.09. அப்படியென்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கீழே யார் உட்கார்ந்திருந்தார்கள்?

அதற்குத்தான் நீ பதில் வைத்திருக்கிறாய். சேறு போன வழியில் சுரங்க அலுவலகத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் குறித்து, அது சாப்பாட்டு நேரம் என்று ஓரத்தில் எழுதிய அந்த வரைபடம்! இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் இப்படி ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை. 270 பேர் செத்ததற்கு உன் சமன்பாடுகளைவிட அதுதான் விளக்கம். அதைப் போய்ப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருக்கிறாயே. அணைக்குக் கீழே அப்படிப்பட்ட கட்டடங்கள் கூடாது என்று பிரேசில் விதி போட்டதே விபத்துக்கு அடுத்த மாதம்தான்.

வரைபடத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. திருத்தியதை அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு.