திருப்பாச்சூர் ஈரமும் பத்து மீட்டர் பிஸ்டலும்

காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ நாலைந்து வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவரிடம் எந்த மிஷினைக் கொடுத்தாலும் அவர் கை முதலில் ஆலன் கீயைத் தேடும். கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் பலம் இதுதான். அவர்களுக்கு வரும் தொல்லையும் பெரும்பாலும் இதனால்தான்.

இதை எழுதுபவன் திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூர்க்காரன். பட்டறை வேலை பழகியவன். சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். வீட்டு மேசையில் செய்தே ஆகவேண்டிய வேலை எது, கையே வைக்கக்கூடாத வேலை எது என்று பிரித்துக்கொள்வதில்தான் பராமரிப்பின் பாதி அடங்கியிருக்கிறது என்பது அவன் பட்டுத் தெரிந்துகொண்டது.

தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா?

புதிதாக வருகிற இளைஞர்கள் முதல் மாதமே கேட்கிற கேள்வி இது. அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புதிய பிரைமர், மருந்து, ஈயக்குண்டு வைத்து மேசையிலேயே மறுபடி தயார் செய்வதை வீடியோவில் பார்த்திருப்பார்கள். லேத்தில் மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய வித்தையாகவும் தோன்றாது.

இந்தியாவில் அந்த ஆசையைச் சட்டம் முதலிலேயே நிறுத்திவிடுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். வெடிமருந்துக்கோ தனியாக 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. ஆகவே மருந்து சம்பந்தப்பட்ட எதுவும் நம் வீட்டு மேசைக்கு வரக்கூடாது.

இன்னொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. நம் ஊர் ரேஞ்சுகளில் 25 மீட்டரில் அதிகம் வெடிப்பது .22 தோட்டாதான். அதில் பிரைமர் தனியாக இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பற்றுமருந்து சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கிப் பற்றவைக்கிறது. ஒருமுறை நசுங்கிய விளிம்பு அவ்வளவுதான். அதை மறுபடி நிரப்பிச் சுடுவது நடைமுறையில் ஆகாத காரியம். நிரப்பக்கூடியவை .32 போன்ற சென்டர் ஃபயர் தோட்டாக்களே. 2006 தோஹா ஆசியப் போட்டியில் இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது அந்தத் தோட்டாவைச் சுடும் சென்டர் ஃபயர் பிரிவில்தான்.

ஏர் பிஸ்டலில் இந்தப் பேச்சே எழாது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு, 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. மருந்து கிடையாது, பிரைமர் கிடையாது. அரை கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட்டும் அழுத்தப்பட்ட காற்றும்தான். பில்லையும் அடையாள அட்டை நகலையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் பிஸ்டல் பெட்டியோடு போகிறவரிடம் போலீஸ்காரர் ஒருவர் கேட்காமல் விடமாட்டார்.

முதல் எதிரி ஈரம்

பூண்டி ஏரி ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு பக்கம். திருப்பாச்சூரில் அடைமழைக் காலத்தில் அலமாரியில் வைத்த சட்டையே பூஞ்சை வாசம் அடிக்கும். பிஸ்டலின் எஃகுப் பாகங்கள் மட்டும் எப்படித் தப்பும்?

பெரும்பாலானவர்கள் பிஸ்டலை அது வந்த பெட்டியிலேயே, ஸ்பாஞ்சுக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள். ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டே இருக்கும். துரு முதலில் தலைகாட்டுவது ஸ்பாஞ்சு தொட்ட இடத்தில்தான். பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்பு அலமாரி, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல மணிகள் ரோஸ் நிறத்துக்கு மாறினால் அதன் வேலை முடிந்தது. சூடுகாட்டினால் மறுபடி நீலமாகும்.

சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடத்தையெல்லாம் உலர்ந்த பனியன் துணியால் துடைக்க வேண்டும். பிறகு இரண்டு சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. பார்த்தால் எண்ணெய் இருப்பதே தெரியக்கூடாது, அந்த அளவு போதும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காதபோது தையல் மிஷின் எண்ணெய் வெளிப்பாகங்களுக்கு உதவும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாளடைவில் அவை பிசுபிசுத்துத் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். சிப்காட் பக்கம் காற்றில் இரும்புத் தூசியும் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

மரக் கிரிப்பும் ஈரத்துக்கு ஊதும். கோடையில் கைக்கு அளவாக இருந்த கிரிப் மழைக்காலத்தில் விரலை இறுக்கும். உடனே உப்புத்தாள் எடுத்துத் தேய்த்துவிட்டால் தை மாதத்தில் கிரிப் தளர்ந்து போயிருக்கும். உள்ளங்கைத் தாங்கியின் திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பதே போதும்.

சிலிண்டர்: எண்ணெய் ஆகாத இடம்

ஏர் பிஸ்டலின் சிலிண்டரில் பொதுவாக 200 பார் வரை காற்று அடைக்கப்படுகிறது. லாரி டயரில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். பட்டறைப் பழக்கம் உள்ளவர் மரை இறுக்கமாக இருந்தால் உடனே எண்ணெய் விடுவார். இங்கே அந்தப் பழக்கம் ஆபத்து. இவ்வளவு உயர் அழுத்தக் காற்றோடு கனிம எண்ணெயோ சாதாரண கிரீஸோ சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்க வாய்ப்புண்டு. ஓ-ரிங்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் ஒரு தடவல். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பும் யோசனையை வெல்டிங் தெரிந்த யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

நிரப்புவதற்குக் கைப்பம்பைவிட, டைவிங் சிலிண்டரில் வரும் உலர்ந்த காற்றே நம் ஊருக்கு ஏற்றது. கைப்பம்புதான் வழி என்றால் ஈரம் வடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும். மெதுவாக, இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் சிலிண்டர் சூடாகி மீட்டர் 200 காட்டும். ஆறியதும் முள் கீழே இறங்கிவிடும்.

அக்கினி நட்சத்திரத்தில் காருக்குள் சிலிண்டரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. 30 டிகிரியில் 200 பார் அடைத்தது 60 டிகிரிச் சூட்டில் ஏறத்தாழ 220 பார் ஆகிவிடும்.

சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பல தயாரிப்பாளர்கள் அதிலிருந்து 10 ஆண்டுதான் கெடு வைக்கிறார்கள். கெடு முடிந்ததா என்று பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி சொல்கிறது. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் பிஸ்டலின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியை.

பெல்லட்டும் குழலும்

10 மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதற்குள் 5 மில்லிமீட்டரில் இன்னொரு உள்வட்டம். இந்த அளவில், பாவாடைபோல விரிந்த அடிப்பகுதி நசுங்கிய ஒரு பெல்லட் போதும், நல்ல சுடுதலைக் கெடுக்க. டப்பாவைக் குலுக்காமல் எடுத்துப் போவதும், போட்டிக்கான பெல்லட்டைக் குழிகள் உள்ள தட்டில் தனித்தனியாக வைப்பதும் செலவில்லாத முன்னேற்றம். வெள்ளைப் பொடி படிந்தவை ஈரத்தில் கெட்டவை. அவற்றைப் பயிற்சிக்குக்கூடச் சேர்க்க வேண்டாம்.

பெல்லட்டின் தலை அளவு 4.48, 4.49, 4.50 என்று மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதைப் பிஸ்டலை வைஸில் அசையாமல் பொருத்தி, ஒவ்வோர் அளவிலும் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்த்துத்தான் சொல்லமுடியும். ஃபிட்டர்களுக்கு இந்தச் சோதனை கைவந்த கலை. அளவெடுத்துக் குறித்துவைக்கும் பொறுமையை இங்கே செலவிட்டால் நேரடியாகப் பலன் கிடைக்கும்.

குழலைச் சுத்தம் செய்வதில் ஆர்வம் அதிகமாகிவிடக்கூடாது. இரும்புக் கம்பியோ பித்தளை பிரஷோ வேண்டாம். சில நூறு குண்டுக்கு ஒருமுறை கம்பளிப் பெல்லட் இரண்டு மூன்றை உள்ளே செலுத்தினால் போதும். பெல்லட் போகும் திசையிலேயே, பின்பக்கமிருந்து முன்பக்கமாக. குழல் வாய் விளிம்பில் விழும் ஒரு சிறு கீறல் துளைகள் நெருங்கி விழுவதை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

25 மீட்டர் ரேஞ்சில்

.22 பிஸ்டலின் தொல்லை வேறு வகை. அதன் ஈயக்குண்டு மெழுகு பூசியது. மெழுகும் கரியும் ஈயமும் சேர்ந்து தோட்டா உட்காரும் அறையின் முன்விளிம்பில் ஒரு வளையமாகப் படியும். தோட்டா முழுதாக உள்ளே போகாமல் அடம்பிடிக்கும்போது பலரும் மேகசினைக் குறை சொல்வார்கள். குற்றவாளி அந்த வளையம். இன்னொன்று, காலி அறையில் டிரிகரை இழுத்துப் பழகுவது. ஏர் பிஸ்டலில் அதற்கென்றே டிரை ஃபயர் வசதி உண்டு. .22-இலோ ஊசி நேராக அறையின் எஃகு விளிம்பில் மோதும் வாய்ப்பு அதிகம். பொய்த்தோட்டா போடாமல் அதைச் செய்யக்கூடாது.

டிரிகரை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழல் இலக்கை நோக்கியபடியே இருக்கட்டும். அரை நிமிடம் அசையாமல் நின்று, ரேஞ்ச் அதிகாரிக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மருந்து தாமதித்துப் பற்றுவது உண்டு. இதைவிட மோசமானது வழக்கத்தைவிடச் சன்னமாக ‘புஸ்’ என்று கேட்கும் சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். அந்த நிமிடமே நிறுத்தி, தோட்டாவை எடுத்து, குழலைப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

இந்தப் பிஸ்டலில் ஊசியோ ஸ்பிரிங்கோ தேய்ந்தால் தெரிந்த லேத் பட்டறையில் ஒன்று கடைந்துகொள்ளலாம் என்று தோன்றும். திருவள்ளூர் மாவட்டத்தில் அப்படிக் கடையத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழுதுபார்ப்பும் 5-ஆவது பிரிவுக்குள்தான் வருகிறது. உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுது நிலையத்துக்கே போக வேண்டும், எவ்வளவு நாள் காத்திருந்தாலும்.

போட்டி நாளில் உடைந்தவை

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். மகளிர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் ஏறத்தாழ 20 நிமிடம் போய்விட்டது. மொத்தம் 60 குண்டுக்கு 75 நிமிடம்தான். மீதி 44 குண்டை அவர் 40 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் சுட வேண்டியிருந்தது. 575 எடுத்தார். 12-ஆவது இடம். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று போயிற்று. மாற்று பிஸ்டல் இருந்தாலும் கைக்குப் பழகிய கிரிப், டிரிகர் இழுவை, சைட் எல்லாமே வேறு. அதை அந்த நிமிடத்தில் எடுப்பதும் லேசான முடிவல்ல. அதே பாக்கர் ஜஸ்பால் ராணாவின் பயிற்சியில் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்கு நேர்ந்தது வேறு. ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு நான்கு புள்ளி வளையத்தில் போய் விழுந்தது. சைட் மாறியிருந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். பதறாமல் அதைத் திருத்தி, தகுதிச் சுற்றின் 596-ஓடு 104.5 சேர்த்து 700.5 புள்ளியில் தங்கம் வென்றார். சைட் எந்த எண்ணில் நிற்கிறது என்று நோட்டில் எழுதிவைப்பவருக்கு இந்தத் திருத்தம் எளிது.

நம் மாநிலப் போட்டிகளிலும் டிரிகர் சோதனை உண்டு. ஏர் பிஸ்டலில் 500 கிராம் எடையை டிரிகர் தாங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலில் 1000 கிராம். ஏர் பிஸ்டலைக் காற்று செலுத்திய நிலையில்தான் சோதிப்பார்கள். வீட்டில் காலி நிலையில் எடை தூக்கிப் பார்த்துத் தேறியது அங்கே தவறக்கூடும். 500-க்குச் சரியாக வைக்காமல் பத்து இருபது கிராம் கூட்டி வைத்தால், ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தாலும் தாங்கும்.

ஈயம் வீட்டுக்கு வராமல்

பெல்லட்டைத் தொட்ட விரலில் ஈயம் ஒட்டும். .22 புகையிலும் அது உண்டு. ரேஞ்சில் டீயும் வடையும் தின்பது நம் வழக்கம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அதைத் தொடக்கூடாது. மூடிய ரேஞ்சில் காற்றோட்டம் இல்லையென்றால் அங்கே நெடுநேரம் நிற்க வேண்டாம். ரேஞ்சுக்குப் போட்ட செருப்பு வாசலோடு நிற்கட்டும். சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். பிஸ்டல் துடைத்த துணியைச் சமையலறைத் துணியோடு சேர்த்துவிடக்கூடாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் மேசை வேலை முடிந்ததும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டே எழுந்திருக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத்தூள் காற்றில் கிளம்பும்.