தூசியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள கயல்,

வேலையில் சேர்ந்த செய்தியோடு கைபேசிச் செயலியின் படத்தையும் அனுப்பியிருந்தாய். காற்றுத் தரக் குறியீடு பச்சையில் இருக்கிறது, பயப்படாதீர்கள் மாமா என்று ஒரு வரி வேறு. பழைய பேட்டரியை உடைத்து, உருக்கி, ஈயம் எடுக்கும் ஆலையின் ஆய்வகத்துக்குப் போகிறவள் அந்தப் பச்சையை நம்பி இருந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

துகளைப் பொறுத்தவரை அந்தச் செயலி சொல்வது எடையை மட்டுமே. ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள் எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லும். அது மண்ணா, உப்பா, ஈயமா என்று சொல்லாது. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் உண்டு. ஈயம், ஆர்செனிக், நிக்கல் மூன்றும் அதில் இருக்கின்றன. குறியீட்டுக் கணக்கில் வருபவை 8தான். ஆர்செனிக்கும் நிக்கலும் அங்கே இல்லை. ஈயம் இருக்கிறது; ஆனால் காற்றுத் தூசியைப் பிடிக்கும் வடிதாளைக் கழற்றி ஆய்வகத்தில் சோதித்தால்தான் அதன் அளவு தெரியும். மணிக்கு மணி மாறும் உன் திரையில் அதைத் தேடாதே.

எடை மட்டும் ஏன் போதாது என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கைச் சொல்வேன். அங்கிருந்த ஜெனீவா உருக்காலை 1986 ஆகஸ்டில் மூடி, 1987 செப்டம்பரில் மறுபடி திறந்தது. ஆர்டன் போப் என்ற பேராசிரியர் (மருத்துவர் அல்ல, பொருளியல்காரர்) மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டினார். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்ட குழந்தைகள், ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தார்கள். தூசி குறைந்தது, நோயும் குறைந்தது என்று அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. காற்றைப் பிடித்த பழைய வடிதாள்கள் பத்திரமாக இருந்தன. மூடுமுன், மூடியிருந்தபோது, திறந்தபின் என்று மூன்று காலத்து வடிதாள் தூசியின் சாற்றையும் ஒரே எடையில் எடுத்து, சம்மதித்து வந்த நலமான ஆட்களின் நுரையீரலுக்குள் விட்டுப் பார்த்தார்கள் கியோ, டெவ்லின் என்ற ஆய்வாளர்கள். முடிவு 2001இல் வெளியானது. ஆலை ஓடிய காலத்துச் சாறுதான் அதிக அழற்சியைக் கிளப்பியது. எடை ஒன்றுதான், உலோகம்தான் கூடுதல்.

உலைச் சூட்டில் ஆவியாகும் உலோகம், ஆறும்போது மிக நுண்ணிய துகள்களின்மேல் படிகிறது. பெரிய துகளை மூக்கும் தொண்டையும் ஓரளவு மறித்துவிடும். நுண்ணியது நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். அங்கிருந்து ரத்தத்துக்கு வரும் ஈயம், எலும்பில் கால்சியத்தின் இடத்தில் அமர்ந்து பல பத்தாண்டுகள் தங்கும்; கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து இறங்கிக் கருவையும் சேரும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். ஆர்செனிக், காட்மியம், நிக்கல் சேர்மங்கள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்ட விஷயம். பெட்ரோலில் ஈயத்தை 2000த்திலேயே நிறுத்தியாயிற்றே என்று உன் அப்பா வாதிடுவார். வண்டிப் புகையிலிருந்து போனது உண்மை. உலைப் புகையிலிருந்து போகவில்லை.

ஆலை உடுப்போடும் செருப்போடும் வீட்டுக்குள் வராதே. அங்கேயே குளித்து மாற்றிக்கொள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதே. உன் அக்கா குழந்தை தவழ்கிற வயது. தரையில் இருப்பது அதன் விரலில் ஏறி நேரே வாய்க்குப் போகும். ஆய்வக மேசையில் டீ, வடை கூடவே கூடாது. துணி முகக்கவசம் இந்தத் தூசிக்கு ஆகாது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் சுவாசக் காப்பைக் கேட்டு வாங்கு. ரத்தசோகைக்கு மாத்திரை எடுத்தவள் நீ; இரும்புச் சத்து குறைந்த உடம்பு குடல் வழியே ஈயத்தை அதிகம் உறிஞ்சும், அதை மறுபடி கவனி.

எல்லாவற்றுக்கும் முன்னால், ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள். இப்போதே எடுத்தால்தான் பின்னால் ஏறியதா என்று ஒப்பிட முடியும். "எல்லாம் நார்மல்" என்று வாயால் சொன்னால் திரும்பி வராதே. அளவு எழுதிய தாளைக் கையில் வாங்கு. முதல் சம்பளத்துக்குக் காத்திராதே, இந்த வாரமே போய் வா.

அன்புடன்,
மாமா